கிளியர் கோட்டில் மெல்லிய கீறல்: நான் எடுத்த விதம்

கார் பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சுதான் கிளியர் கோட். அதிலுள்ள கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பாலிஷால் முழுதாகப் போகாது. கறுப்புக் காரில் வெயில் பட்டால் தெரியும் சிலந்திவலைக் கீறல்களில் நகம் சிக்காது. அவற்றை இப்படி எடுத்தேன்.

ஷாம்பூ போட்டுக் கழுவி, க்ளே பார் (களிமண் போன்ற மென்மையான கட்டி) தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்க வேண்டும். விட்டால் அவையே பாலிஷ் மெஷினின் பேடில் ஏறிப் புதுக் கீறல் போடும். பாடியின் விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் அவசியம். அங்கே கிளியர் கோட் மெல்லிசு, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுழன்றபடியே அசையும் பாலிஷ் மெஷின்), மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் பட்டாணி அளவில் நாலு சொட்டு. நிழலில், பேனல் ஆறியிருக்கும்போது, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் மேல் பாதி விழும்படி மெதுவாக நான்கைந்து முறை ஓட்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். பாலிஷிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். ரெண்டு கழுவலில் மறுபடி தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னும் தெரிந்தால் அழுத்தத்தைக் கூட்டாமல், ஒரு படி கடினமான பேடுக்கு மாறுங்கள். கிளியர் கோட் மொத்தமே சுமார் 40 மைக்ரான்தான் (0.04 மி.மீ.). முடிந்ததும் பாதுகாப்புக்கு வேக்ஸ் (மெழுகு) அல்லது சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) போடுங்கள்.