அடங்காத பரு, ஓயாத அரிப்பு: முகச் சிற்றுண்ணியா என்று பார்த்து மருந்து போடும் முறை

பரு மருந்தை மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் பரு அடங்கவில்லை, போதாக்குறைக்கு அரிப்பு வேறு என்றால், அது பருதானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். சாதாரணப் பரு வலிக்கும், தொட்டால் சுருக்கென்னும். ஆனால் இப்படிப் பிய்த்தெடுக்கிற மாதிரி அரிக்காது.

டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி பெரியவர்களில் அநேகமாக எல்லோர் முகத்திலும் உண்டு. நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. மனிதத் தோலில் இரண்டு வகை இருக்கின்றன. ஃபோலிகுலோரம் மயிர்க்காலில் தலைகீழாகச் செருகிக்கொண்டு கிடக்கும். பிரெவிஸ் இன்னும் ஆழமாக எண்ணெய்ச் சுரப்பிக்குள் இருக்கும். இரண்டுக்கும் வெளிச்சம் ஆகாது. இருட்டியதும் மேலே வந்து இணைசேரும். ஆயுள் ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரம்தான். உண்ணி இருப்பது நோய் இல்லை, அளவுமீறிப் பெருகுவதுதான் நோய். அதனால் அடியோடு ஒழிக்கப் பார்ப்பதில் பயனில்லை, எண்ணிக்கையைக் குறைத்தால் போதும்.

அடையாளம் காண, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கரும்புள்ளி, வெள்ளைமுனை இருக்கிறதா என்று தேடுங்கள். பருவின் முத்திரை அதுதான். உண்ணிக் கோளாறில் அவை அநேகமாக இருக்காது. சின்னச் சின்னச் சிவந்த கொப்புளம், விரலால் தடவினால் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு, மயிர்க்கால் வாயில் மெல்லிய வெள்ளைச் செதில், கன்னத்திலும் மூக்கிலும் சிவப்பு என்றுதான் தெரியும். ஒரு கன்னத்தில் மட்டும் அதிகமாக இருக்கலாம். இளவயதில் பருவே வராதவருக்கு முப்பது, நாற்பதுக்குமேல் திடீரென்று தொடங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இமைமுடியின் அடியில் குழாய் மாட்டியதுபோல வெள்ளைச் செதில் சுற்றியிருந்தால் அது மிக நல்ல தடயம்.

ஏமாற்றுகிற நோய்கள் இரண்டு. நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் வரிசையாகச் சின்னப் பருக்கள் அரிப்போடு வந்தால், அது மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்குக் கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துதான் கேட்கும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை அதை இன்னும் கிளப்பிவிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்பில் இரவில் உயிர்போகிற அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் அது சிரங்கு. அதை உண்டாக்குவது வேறொரு உண்ணி, வைத்தியமும் வேறு. பெர்மெத்ரின் என்ற உண்ணி கொல்லும் மருந்தின் 5 சதவீதக் கிரீமைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுக்கப் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

உறுதிசெய்யத் தோல் மருத்துவரிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் பசை வைத்துக் கன்னத்தில் அழுத்தி, ஒரு நிமிடம் கழித்து உரித்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் அதிகம் என்று கணக்கு. மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், பிறகு பார்த்தால் எண்ணிக்கை குறைந்து குழப்பும். வீட்டில் பசையைக் கொண்டு முயன்று பார்க்காதீர்கள், தோல் கிழியும்.

இனி வைத்தியம். முதல் வேலை நிறுத்துவது. ஸ்டீராய்டு கலந்த கிரீமை, அதாவது பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ட்யூபில் எழுதியிருப்பதை, முகத்திலிருந்து விலக்குங்கள். பூசிய அன்று அரிப்பு மாயமாக மறையும். ஆனால் தோலின் எதிர்ப்பு அடங்கியதும் உண்ணி தாராளமாகப் பெருகும். மாதக்கணக்கில் பூசியவர்கள் சட்டென நிறுத்தினால் சில நாளில் முகம் சிவந்து கொதிக்கும், அவர்கள் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கட்டும். ஸ்க்ரப், பிசுபிசுப்பான கனமான கிரீம், முகத்தில் எண்ணெய் தடவுவது எல்லாமே நிற்க வேண்டும்.

முக்கிய மருந்து 1 சதவீத ஐவர்மெக்டின் கிரீம், மருத்துவர் சீட்டோடு. இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துண்டால் ஒற்றியெடுங்கள். தோல் நன்றாகக் காய்ந்தபின் நெற்றி, தாடை, மூக்கு, இரு கன்னங்கள் என ஐந்து இடத்துக்கும் தலா ஒரு பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பரப்புங்கள். கண், உதடு, மூக்குத்துளைக்குள் வேண்டாம். பருக்கள்மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். உண்ணி பரு தெரியும் இடத்தில் மட்டும் இல்லை, முகம் முழுக்க இருக்கிறது. மேலே மணமில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன்.

முதல் ஓரிரு வாரம் சிவப்பு கூடலாம். நிறையப் பேர் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். இலேசான எரிச்சலைப் பொறுக்கலாம். முகம் வீங்கினாலோ நீர்க்கொப்புளம் வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். மாற்றம் தெரிய நாலு வாரம் ஆகும், பலனை எடைபோட 12 வாரம் வேண்டும். பத்து நாளில் நன்றாகிவிட்டது என்று விட்டால், மிஞ்சிய முட்டை பொரித்து மறுபடி தொடங்கும்.

இது கேட்காவிட்டால் மருத்துவர் பெர்மெத்ரின் கிரீமோ, ஐவர்மெக்டின் மாத்திரையோ தருவார். மாத்திரையின் அளவு உடல் எடைக்கு ஏற்றது, வழக்கமாகக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். நீங்களாக விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. மெட்ரோநிடசோல் கிரீம் சிவப்பைத் தணிக்கும், ஆனால் உண்ணியைக் கொல்வதில் அதை நம்ப முடியாது. கந்தகம் பழைய மருந்து, வேலையும் செய்கிறது, ஆனால் தோலை வறட்டும். உண்ணியோடு உண்மையான பருவும் இருந்தால், அடாபலீன் போன்ற பரு மருந்துகளை ஐவர்மெக்டின் பழகிய பின்பே சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது எரிக்கிறது என்றே தெரியாது. கர்ப்ப காலத்தில் அடாபலீனும் வேண்டாம்.

டீ ட்ரீ எண்ணெயைப் பலர் நாடுகிறார்கள். அது உண்ணியைக் கொல்லும் என்பது மெய்தான், ஆனால் நேராகப் பூசினால் தோலும் வெந்துபோகும். 1 மில்லியை 19 மில்லி மணமில்லாத லோஷனில் கலந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் போகக்கூடாது. முழங்கையின் உட்புறத்தில் பூசி 48 மணி நேரம் பார்த்த பின்பே முகத்துக்கு. திறந்து நெடுநாளான புட்டியைத் தூக்கிப்போடுங்கள். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய்தான் அதிகம் ஒவ்வாமை தரும். கண்ணருகே அறவே கூடாது.

இமைக்குத் தனி வைத்தியம். வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்து, இமை துடைக்கவென்றே விற்கும் திரவத்தால் முடியின் அடியைத் துடைக்கலாம். பழைய கண்மையையும் மஸ்காராவையும் மாற்றுங்கள். கண் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்றால் தோல் மருத்துவரிடம் அல்ல, கண் மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும்.

தலையணை உறையையும் முகத் துண்டையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தால் போதும். உடலை விட்டு வெளியே வந்த உண்ணி காய்ந்து செத்துவிடும், வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. நாயின் டெமோடெக்ஸ் வேறு இனம், அது மனிதருக்குத் தொற்றுவதாகப் பயப்பட வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அழகு கிரீம் என்று வாங்கியதையும் சேர்த்து.