வூடூ நம்பிக்கையில் வேரூன்றிய இளையோர் நாவலை எழுதும் முறை

வூடூ நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டு இளையோருக்கான அமானுஷ்ய நாவல் எழுத விரும்புபவர், பேயையும் பொம்மையையும் பற்றி யோசிப்பதற்கு முன்பு, கதை எந்த ஊரில் நிகழ்கிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஹைத்தியில் வூடூ என்பது பூசகர், வழிபாட்டுக் கூடம், தீட்சை, திருநாள் எல்லாம் உடைய ஒரு சமயம். 2003இல் அந்நாட்டு அரசு அதை முறைப்படி அங்கீகரித்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மரபோ, 1809இல் ஹைத்தியிலிருந்து கியூபா வழியாக அந்நகரை வந்தடைந்த ஆயிரக்கணக்கான அகதிகளால் வலுப்பெற்று, கிரீ-கிரீ என்னும் தாயத்துப் பைகளோடும் 1881இல் மறைந்த வூடூ பூசகி மரீ லவோவின் புகழோடும் வேறு வகையில் வளர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், விவரம் தெரிந்த வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். நான் இங்கே ஹைத்தியை எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. ‘பில்லி சூனியம்’, ‘ஏவல்’ போன்ற சொற்கள் நம் கைக்கு எளிதில் வரும்; ஆனால் அவற்றை எழுதிய கணமே ஹைத்தி மறைந்து, வாசகர் முன்பே அறிந்த ஒரு மந்திரவாதி வந்து உட்கார்ந்துகொள்வார். லுவா, மம்போ, ஊங்கான் போன்ற சில கிரியோல் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, லுவா ஓர் ஆவி என்பதும், மம்போ பெண் பூசகர், ஊங்கான் ஆண் பூசகர் என்பதும் காட்சியின் போக்கிலேயே விளங்கும்படி செய்வது மேல்.

பிற அமானுஷ்ய நாவல்களில் மந்திரத்தின் விதிகளை எழுத்தாளர் தாமே கற்பிக்க வேண்டியிருக்கும். இங்கே அவை முன்பே இருக்கின்றன, அவற்றிலிருந்தே கதை முடிச்சுகளைப் பின்ன வேண்டும். போன்தியே என்னும் இறைவன் மனிதருக்கு எட்டாத் தொலைவில் இருப்பதால், அன்றாட வழக்குகள் எல்லாம் லுவாக்களிடமே செல்கின்றன. எந்தச் சடங்கிலும் முதலில் பாப்பா லெக்பாவை வணங்க வேண்டும். ஊன்றுகோல் ஏந்திய அந்தக் கிழவர் வாயிலைத் திறக்காவிட்டால் வேறு எவரும் வர முடியாது. ஒவ்வொரு லுவாவுக்கும் உரிய தாளம், உணவு, சோளமாவால் தரையில் வரையப்படும் வேவே என்னும் கோலம் ஆகியவை தனித்தனியானவை. பாட்டி செய்வதை மறைந்து நின்று பார்த்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, லெக்பாவை மறந்துவிட்டு நேரே எசிலி தாந்தோர் என்னும் லுவாவை அழைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் அத்தியாயம் அங்கேயே கிடைத்துவிடும்.

இளையோர் நாவலுக்கு இந்தச் சமயம் தரும் மிகப் பெரிய கொடை ஆட்கொள்ளல் ஆகும். லுவா ஒருவர் மேல் ஏறி அமர்கிறது. ஏறப்பட்டவரைக் குதிரை என்றே அழைக்கின்றனர். இறங்கிய பின் நடந்தவை எதுவும் அவருக்கு நினைவில் இருப்பதில்லை. நாயகியே கதை சொல்பவளாக இருந்தால், அவளுடைய கதையில் ஓர் ஓட்டை விழுகிறது. அத்தியாயத்தைப் பாதி வாக்கியத்தில் அறுத்துவிட்டு, அவள் என்ன பேசினாள், யாரை அறைந்தாள் என்பதை மறுநாள் தோழியும் அண்ணனும் முரண்பட்டுச் சொல்லும்படி எழுதலாம். இதைப் பேயோட்டும் கதையாக மாற்றிவிடக் கூடாது, ஏனெனில் வழிபடுவோர் லுவாவின் வருகையை விரும்பி எதிர்நோக்குகின்றனர். பழக்கப்படாத முதல் வருகை முரட்டுத்தனமாக இருக்கும். தலை கழுவுதல் என்னும் சடங்கு அதை நெறிப்படுத்தும். முரட்டு வருகையிலிருந்து அச்சடங்கு வரையிலான வழியே நாயகி வளரும் வழியாகவும் அமையும்.

ஜோம்பியைச் சேர்ப்பதானால் திரைப்படங்கள் கற்றுத்தந்ததை மறந்துவிட வேண்டும். ஹைத்தியில் மக்கள் அஞ்சுவது ஜோம்பி தம்மைக் கடித்துவிடும் என்பதற்கு அன்று. செத்த பின்னும் பிறருக்கு உழைக்கும் ஜோம்பியாகத் தாமே ஆகிவிடக்கூடும் என்பதற்கே. அடிமைத் தோட்டங்களின் நினைவு அந்த அச்சத்தில் உறைந்திருக்கிறது. உப்பைச் சுவைத்தால் ஜோம்பிக்குத் தன்னுணர்வு திரும்பும் என்ற நம்பிக்கையை, ஒரு சமையலறைக் காட்சியில் யாரும் எதிர்பாராத வேளையில் பயன்படுத்தலாம். வில்லன் வேண்டுமெனில், கூலிக்குத் தீமையும் செய்யும் போக்கோர் இருக்கிறான். பூசகர் அனைவரையும் அவனாக்கிவிடாதீர்கள். ஊசி குத்திய பொம்மையை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் சுற்றுலாக் கடைச் சரக்கு.

வரலாற்றைப் பாடமாகச் சொல்லாமல் பொருள்களில் ஒளித்து வைக்க வேண்டும். அடிமைகளைக் கத்தோலிக்கராக்க வேண்டும் என்று 1685இல் பிரெஞ்சு அரசர் பிறப்பித்த சட்டத்தைப் பாட்டி விளக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கப் புனிதர் படங்களிலேயே லுவாக்களை வணங்கும் வழக்கப்படி, அவள் சுவரில் சாவியோடு நிற்கும் புனித பேதுருவின் படத்துக்கு முன் லெக்பாவின் பெயரைச் சொன்னால் போதும். 1791 ஆகஸ்டில் புவா காய்மானில் நடந்ததாகச் சொல்லப்படும் சடங்கும், அதைத் தொடர்ந்த அடிமைகளின் கிளர்ச்சியும் அவள் பாடும் ஒரு பாட்டில் வந்துபோகலாம்.

உச்சக்காட்சிக்கு நவம்பர் 1, 2 ஆகிய நாள்களைப் பரிந்துரைப்பேன். இறந்தோருக்குரிய லுவாக்களான கெதேக்களின் திருநாளில் மக்கள் கல்லறைகளில் கூடுகின்றனர்; மிளகாய் ஊறிய ரம்மும் கொச்சையான நகைச்சுவையும் மரணத்தோடு கைகோத்து நடக்கின்றன. கல்லறைக்குரிய லுவாவான பாரோன் சம்தி குழி தோண்ட மறுத்தால் ஒருவர் இறக்க மாட்டார் என்பது நம்பிக்கை. தம்பியின் குழியைத் தோண்ட வேண்டாம் என்று நாயகி அவரிடம் பேரம் பேசட்டும். ஈடாக அவள் எதைத் தர முன்வருகிறாள் என்பதை, முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்து வைத்திருங்கள்.