ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால்

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள டீக்கடைகளில், மடியில் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். பெருங்குடல் புற்றுநோய். ‘ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்’ என்று ஒரு வரி. போனில் தேடினால், ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் செடுக்சிமாப் என்ற மருந்து வருகிறது. உடனே நகையை அடகு வைக்கப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

தயவுசெய்து அந்த ஒரு வரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஈஜிஎஃப்ஆர் புரதம் கட்டியில் மிகையாக இருப்பது வேறு, அந்த மருந்து வேலை செய்வது வேறு. செல்லை ‘வளர்’ என்று தூண்டும் கட்டளை ஈஜிஎஃப்ஆரில் தொடங்கி, ராஸ் என்ற புரதம் வழியாகக் கீழே இறங்குகிறது. நம்ம ஊர்க் கணக்கில், முன்னது வாய்க்கால் ஷட்டர், பின்னது கண்மாய் மடை. மடை உடைந்து கிடக்கும்போது மேலே ஷட்டரை அடைத்து என்ன பயன்? வயல் மூழ்கத்தான் செய்யும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 100 பேரில் சுமார் 40 பேருக்கு ராஸ் வகைகளில் ஒன்றான கேராஸ் மரபணு இப்படி மாறியிருக்கிறது. அவர்களுக்கு செடுக்சிமாப் பலன் தராது, பக்கவிளைவும் செலவும்தான் மிஞ்சும். அதனால், நோய் வேறு உறுப்புக்குப் பரவி இந்த மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “ராஸ் டெஸ்ட் பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேளுங்கள். 2009 முதலே மருத்துவ வழிகாட்டுதல்கள் கேராஸ் சோதனையை முதலில் செய்யச் சொல்கின்றன.

புரதம் கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இன்னொரு உதாரணம்: மிக் என்ற மரபணுவின் புரதம் பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில் கூடுதலாகவே இருக்கும். அதற்காக மிக் மரபணுவே கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பழுதானது ஏபிசி என்ற இன்னொரு மரபணு. அதன் கட்டுப்பாடு போனதால் மிக் ஓயாமல் வேலை செய்கிறது.

அப்புறம், “பிள்ளைகளுக்கும் வந்துருமா?” என்ற பயம். கட்டியில் கண்ட கேராஸ் மாற்றம் கட்டிக்குள் உண்டானது, வழிவழியாக வருவதல்ல. ஆனால் நோயாளி 50 வயதுக்குக் கீழே இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலோ, வழிவழியாக வரும் லிஞ்ச் நோய்க்குறி பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் புரதங்களைப் பார்க்கும் எம்எம்ஆர் சோதனை அதற்கானது.

வேறு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கே மறுபடி சோதிக்கத் திசு வேண்டும். மெழுகில் பதித்த அந்தத் திசுத் துண்டை லேபில் ‘பிளாக்’ என்பார்கள். அதை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். மதுரை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.