பேஸ்பால் பட்டங்களை எண்ணும்போது செய்யக் கூடாத தவறுகள்

புள்ளிவிவரம் பழகும் மூன்று பேர் போன வாரம் தங்கள் அட்டவணைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அமெரிக்க பேஸ்பாலில் வரலாறு முழுக்க அதிகம் சாதித்த அணி எது என்பது கேள்வி. மூன்றிலும் ஒரே தவறு. பல வருடங்களுக்கு முன்னால் நான் செய்ததும் அதேதான். இங்கே பட்டம் என்றால் வேர்ல்ட் சீரிஸ், அதாவது இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர். 1904, 1994 இரண்டிலும் அது நடக்கவில்லை என்பது போன்ற சங்கதிகளை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வருடத்தால் வகுப்பது

யாங்கீஸ் அணிக்கு 27 பட்டம், கார்டினல்ஸ் அணிக்கு 11 என்று எண்ணி அடுக்கினால் போதாது என்பது சீக்கிரமே புரிந்துவிடும். பழைய அணிக்கு வாய்ப்பு அதிகம். சரி என்று, ஆடிய வருடங்களால் பட்டங்களை வகுத்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் வினை.

1960 வரை மொத்தமே 16 அணிகள். 1961ல் 18, அடுத்த வருடம் 20, 1969ல் 24, 1977ல் 26, 1993ல் 28, 1998லிருந்து 30. பதினாறு பேரில் முதலாவதாக வருவதும் முப்பது பேரில் முதலாவதாக வருவதும் ஒன்றா?

எல்லா அணிக்கும் சம வாய்ப்பு என்று வைத்து, வருடத்துக்கு வருடம் ஓர் அணிக்கு வர வேண்டிய பங்கைப் போடுங்கள்: 16 அணிகள் இருந்த வருடத்துக்குப் பதினாறில் ஒன்று, 30 இருந்தால் முப்பதில் ஒன்று. வேர்ல்ட் சீரிஸ் தொடங்கிய 1903லிருந்து ஆடும் அணிக்கு 2025 வரை கூட்டினால் கிட்டத்தட்ட 6 பட்டங்கள் வரும். அதில் மூன்றரைக்கு மேல் 1960க்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. 1993ல் வந்த மார்லின்ஸுக்கு 1.08தான்.

ரெட் சாக்ஸ் 121 தொடர்களில் 9 பட்டம், அதாவது 13க்கு ஒன்று. மார்லின்ஸ் 32ல் 2, அதாவது 16க்கு ஒன்று. வகுத்துப் பார்த்தால் ரெட் சாக்ஸ் மேலே. பங்கோடு ஒப்பிட்டால் ரெட் சாக்ஸ் 1.5 மடங்கு, மார்லின்ஸ் 1.86 மடங்கு. வரிசை தலைகீழாகிறது.

வருடத்தால் வகுத்த என் பழைய அட்டவணை ஒரு விளையாட்டு இதழில் அச்சாகி வந்தது. யாங்கீஸின் 27ல் 20 பட்டங்கள் 1962க்குள் வந்தவை, அது உங்கள் கணக்கில் எங்கே தெரிகிறது என்று ஒரு வாசகர் கேட்டு எழுதினார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள், அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. எந்த முறையில் போட்டாலும் முதல் வரியில் யாங்கீஸ்தான். 27ஐ 6ஆல் வகுத்தால் 4.5 மடங்கு. முதல் வரி சரியாக இருந்ததால் கீழே இருந்த வரிகளையும் நம்பிவிட்டேன். அந்த மூன்று பேரும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

ஊரையும் அணியையும் கலப்பது

அத்லெடிக்ஸின் 9 பட்டங்களில் 5 ஃபிலடெல்ஃபியாவில் வென்றவை, 4 ஓக்லண்டில். எண்ணுவது அணியையா ஊரையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாஷிங்டனில்தான் பெரிய குழப்பம். 1924ல் அங்கே வென்ற செனட்டர்ஸ்தான் இன்றைய மின்னசோட்டா ட்வின்ஸ். அதே பெயரில் 1961ல் தொடங்கிய அணி 1972ல் டெக்ஸஸுக்குப் போய் ரேஞ்சர்ஸ் ஆனது. 2019ல் வென்ற நேஷனல்ஸோ மான்ட்ரியாலிலிருந்து வந்தவர்கள். ஒரே அட்டவணையில் பாதி ஊர்க் கணக்கு, பாதி அணிக் கணக்கு என்று வைத்தால் யாராலும் திருத்த முடியாது.

பென்னன்ட்டை (லீக் பட்டத்தை) மறப்பது

1968 வரை லீக்கில் முதலிடம் பிடித்த அணி நேரே வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. இப்போது பிளே ஆஃப் என்ற நாக் அவுட் சுற்றுகளுக்கே 12 அணிகள். மார்லின்ஸ் 1997, 2003 இரண்டிலும் லீக்குக்குள் தங்கள் பிரிவான டிவிஷனில்கூட முதலிடம் பிடிக்கவில்லை. 2001ல் 116 ஆட்டம் வென்ற மரினர்ஸ் வேர்ல்ட் சீரிஸையே எட்டவில்லை. அதனால் அட்டவணையில் பென்னன்ட்டுக்கும் தனி நெடுவரிசை வையுங்கள்.

சின்ன எண்ணை நம்புவது

மார்லின்ஸுக்கு இரண்டே பட்டம்; ஒன்று குறைந்தால் அந்த 1.86 மடங்கு பாதியாகிவிடும்.

வேர்ல்ட் சீரிஸுக்கு முன்னால், 1884 முதல் 1890 வரை நடந்த தொடர்கள்

சேர்க்காதீர்கள்.