பக்கத்துத் தறிக்கூடத்தின் இரவு இரைச்சலை அளப்பது எப்படி?

“எழுபது டெசிபல் காட்டுது சார்” என்று போனை நீட்டினால், அதிகாரி கேட்கும் முதல் கேள்வி “எங்கே வைத்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அளந்தீர்கள்?” என்பதுதான். இதற்குப் பதில் இல்லாத எண் எதற்கும் உதவாது. சோமனூர், பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் வீடும் விசைத்தறியும் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் சரியாக அளக்கக் கற்றுக்கொண்டால் அவர்கள் மனுவுக்கு எடை கூடும். மாவு மில், லேத் பட்டறை, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் முறை இதேதான்.

முதலில் வரம்பு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய அமைதி மண்டலத்துக்கு 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம் என்கிறது விதி. அதாவது குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 55 என்ற எண்ணைத் தொட வேண்டும். இரவு நேரத் தடைகளை மீறும் ஒலிபெருக்கிக்கு இந்த 10 டெசிபல் கணக்கு தேவையில்லை, மீறலே போதும். உங்கள் தெரு எந்த வகைப் பகுதி என்பதை அளப்பதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருப்பு என்று நினைத்திருந்த தெரு ஆவணத்தில் தொழிற்பகுதியாக இருந்தால் கணக்கே மாறிவிடும்.

இந்த வரம்புகள் கணநேர உச்சத்துக்கு உரியவை அல்ல, அந்தப் பொழுது முழுவதன் சராசரிக்கு உரியவை. போனில் ஒலி அளக்கும் செயலியில் ‘எல்.ஏ.இ.க்யூ’ (LAeq) என்ற நான்கு எழுத்துகளோடு வரும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும். துள்ளிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள். இது சாதாரணச் சராசரியும் இல்லை. 50, 50, 70 என்று மூன்று அளவுகள் வந்தால் கூட்டி வகுத்து 57 என்று போட்டுவிடுவோம். ஆற்றல் கணக்கில் அது 65-க்கு மேல். டெசிபலில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 கூடினால் பத்து மடங்கு.

போனைப் பொறுத்தவரை, ஐபோனுக்கு அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) இலவசமாகச் செயலி தருகிறது. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மைக் வேறுபடுவதால், ஒரே இடத்தில் இரண்டு போன்கள் சில டெசிபல் தள்ளிக் காட்டுவது சகஜம். சரியாக 94 டெசிபல் ஒலி எழுப்பும் காலிபிரேட்டர் கருவியால் சரிபார்த்த ஒலிமானி யாரிடமாவது கிடைத்தால், அதன் பக்கத்தில் போனை வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வித்தியாசத்தைச் செயலியின் திருத்தத்தில் போடுங்கள். அதன்பிறகு எல்லா அளவையும் அந்த ஒரே போனில்தான் எடுக்க வேண்டும். செயலியில் எடையிடல் (weighting) ‘ஏ’ என்றிருக்கட்டும்; காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறை அது.

போன் உறையைக் கழற்றிவிடுங்கள். கையில் பிடித்தால் விரல் அசைவே பதிவாகும். ஸ்டாண்டில் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். சுவரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. குறுகிய சந்தில் அது நடக்காது. அப்போது சுவருக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னால் வைத்து, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்காக 3 டெசிபல் கழித்துக்கொள்ளலாம். கழித்ததைக் குறிப்பில் எழுத மறக்காதீர்கள். வீட்டுக்குள் ஒரு அளவு எடுத்துவைப்பதும் நல்லதே, ஆனால் வரம்பு வெளிப்புறத்துக்கு உரியது.

காற்றுதான் பெரிய எதிரி. மைக்கில் காற்று பட்டாலே, தறி நின்றிருந்தாலும் 60-க்கு மேல் காட்டும். மைக் துளையை மூடும்படி மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டு மாட்டுங்கள். மரக்கிளை ஆடுமளவுக்குக் காற்று இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் கொங்குப் பகுதியில் அந்த மாதம் அளப்பதே சிரமம். வீட்டுக்குள் அளக்கும்போது மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். மழைக்குப் பிறகு சில்வண்டுச் சத்தமும் எண்ணைக் கணிசமாக ஏற்றிவிடும்.

பலரும் விட்டுவிடும் இடம் இனிதான் வருகிறது. தறி ஓடும்போது அளந்தது பாதி வேலை. அதே இடத்தில், அதே நேரத்தில், தறி நின்றிருக்கும்போது பின்னணி இரைச்சலையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 10 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிடைத்த எண் அப்படியே தறிக்குரியது. ஓடும்போது 58, நின்றபின் 50 என்றால் தறியின் பங்கு சுமார் 57. ஓடும்போது 54, நின்றபின் 50 என்றால் பங்கு 52-க்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் 3-க்கும் கீழே போனால் தறி எவ்வளவு சேர்க்கிறது என்று சொல்லவே முடியாது. சாலை இரைச்சல் அதை மூடிவிட்டது என்று பொருள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் தறிகள் நிற்கின்றனவே என்று அப்போது பின்னணி எடுப்பது தவறு. அது பகல், தெரு முழுக்க வண்டி ஓடும், ஜெனரேட்டர்களும் கிளம்பிவிடும். வார விடுமுறை இரவில் எடுங்கள்.

ஒவ்வொரு அளவும் குறைந்தது 10 நிமிடம் ஓடட்டும். நடுவில் லாரி ஹாரனோ நாய்க் குரைப்போ புகுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். தறி மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடுவதால் பத்து நிமிடம் போதும். ஆனால் இரவில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைக் குறித்தாக வேண்டும். எட்டு மணி நேர இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் 60 டெசிபலில் ஓடி, மீதி நேரம் 40 என்றிருந்தால் முழு இரவின் சராசரி 54. வரம்பான 45-ஐத் தாண்டுகிறது, புகாருக்கான 55-ஐத் தொடவில்லை. இரவு முழுக்க ஓடினால் 60 அப்படியே நிற்கும்.

சுவர் வழியாக அதிர்வாக வரும் ‘ம்ம்’ என்ற முழக்கத்தை ‘ஏ’ எடையிடல் பெரும்பாலும் காட்டாது. எண் குறைவாகவும் தொல்லை அதிகமாகவும் இருந்தால் தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ எடையிடலுக்கு மாற்றி இன்னொரு முறை அளந்து பாருங்கள். ‘சி’ அளவு ‘ஏ’-யைவிட 20 டெசிபல் அதிகமென்றால் தாழ்ந்த ஒலிதான் காரணம். ஜன்னலை மூடுவதால் அது அடங்காது. தறியின் அடித்தளத்தில் அதிர்வு தாங்கும் ரப்பர் அட்டை வைப்பதுதான் வழி.

மூன்று வெவ்வேறு இரவுகளின் குறிப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள்: தேதி, தொடங்கிய, முடிந்த நேரம், இடம், சுவரிலிருந்து தூரம், காற்று, சராசரி, உச்சம், பின்னணி, போன் மாடல். ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள். முடிவு செய்யப்போவது வாரியத்தின் கருவி காட்டும் எண். அதனால் தறி ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, அந்த இரண்டு நேரங்களிலும் வந்து அளக்கும்படி கேளுங்கள்.