டிப்பை மாற்றினால் ஸ்க்ரூ வந்துவிடுமா? கியூ டிப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பையன் பூல் ஆடும் கியூவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். மூன்று மாதத்தில் அவன் கேட்டு வந்த மூன்றாவது டிப், அதாவது கியூவின் முனையில் பந்தைத் தொடும் சின்னத் தோல் துண்டு. "ஏனுங்ணா, இதவிட சாஃப்டா ஏதாச்சும் இருக்குங்களா? ஸ்க்ரூவே வரமாட்டேங்குது." ஸ்க்ரூ என்றால் பந்தை அடிப்பாகத்தில் தொட்டுப் பின்னோக்கிச் சுழல வைப்பது.

கோவையில் ஒரு பூல், ஸ்னூக்கர் பார்லரில் சாயங்கால நேரத்தில் டிப் ஒட்டிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை மாதத்தில் நாலு பேராவது கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இதை நானும் கேட்டிருக்கிறேன், அதுவும் கையில் காசை வைத்துக்கொண்டு. அதனால்தான் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

டிப்பில் சாக் (தேய்க்கும் நீலக்கட்டி) போடாமல் அடிப்பது, டிப் தேய்ந்து ஃபெரூல் (டிப்புக்கு அடியில் இருக்கும் வெள்ளை வளையம்) பந்தில் முட்டும்வரை விட்டுவைப்பது, இதெல்லாம் ஒரு தடவை டிப் வழுக்கி மிஸ்க்யூ ஆனால் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாஃப்ட் டிப்தான் ஸ்பின் தரும் என்று நம்புவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கியது ஜப்பானிய அடுக்கு டிப். பன்றித் தோலை மெல்லிய தாள்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. அதிலும் இருப்பதிலேயே மெத்தானது. நாலு நாள் கூலி அதற்கே போனது. டிப்பில் குற்றமில்லை, நல்ல சரக்குதான். ஆனால் ஸ்க்ரூ வரவில்லை. வராததால் இன்னும் பலமாக அடித்தேன். பலமாக அடித்ததில் டிப் காளான் குடை மாதிரி ஃபெரூலுக்கு வெளியே பிதுங்கியது. பிதுங்கியதை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் டிப்போடு சேர்ந்து ஃபெரூலும் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தன. ஒரு வருஷத்தில் நாலு டிப். 13 மி.மீ. இருந்த ஷாஃப்ட்டின் (கியூவின் முன்பாதிக் கட்டை) முனை வெர்னியரில் 12.4 காட்டியது. ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. கியூவின் பாதி விலை.

பார்லரில் ஸ்கோர் எழுதும் பழைய மார்க்கர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துச் சொன்னார்: "டிப்பு என்ன கண்ணு பண்ணும்? நீ தொடற எடம் தப்பு. கட்டைய அரைச்சு அரைச்சுத் தீக்குச்சியாக்கீட்டயே."

அவர் சொன்னது முழுக்கச் சரி என்பது பின்னால்தான் புரிந்தது. டிப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. மெத்தான டிப் அதைக் கொஞ்சம் கூட்டும். அந்தக் கொஞ்சத்தில் 'பந்தைப் பிடித்துச் சுழற்றும்' வித்தை எதுவும் நடப்பதில்லை. பந்து எவ்வளவு சுழலும் என்பதை முடிவு செய்வது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொடுகிறீர்கள் என்பதுதான். தொட்ட இடத்தில் வழுக்காமல் இருக்கச் சாக் வேண்டும். அந்த நீலக்கட்டியும் பெயருக்குத்தான் சாக். 1897-ல் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அதில் பிடிப்பைத் தருவது சிலிகா போன்ற சொரசொரப்பான பொடிதான்.

மெத்தான டிப் அடியின் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதே அடிக்குப் பந்து மெதுவாகப் போகும். மெதுவாகப் போகிற பந்தின் பின்சுழற்சியைத் துணி வழியிலேயே அழித்துவிடும். ஈடுகட்டப் பலமாக அடிப்பீர்கள், கை ஆடும், டிப் மேலே ஏறும், ஸ்க்ரூ இன்னும் குறையும். புதிதாக ஆடுகிறவர்களுக்குச் சாஃப்ட் டிப் பெரும்பாலும் எதிரியாகவே வேலை செய்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. மையத்திலிருந்து சுமார் 14 மி.மீ. வரை தள்ளித் தொடலாம். அதைத் தாண்டினால் எந்த டிப் போட்டாலும் வழுக்கும். ஆனால் டிப்பின் முனை வளைந்திருப்பதால், கியூவை மையத்திலிருந்து 12 மி.மீ. இறக்கிப் பிடித்தாலும் தோல் பந்தைத் தொடுவது 9 மி.மீ. கிட்டத்தான். கண்ணுக்கு 'இதுக்கு மேல இறக்க முடியாது' என்று தோன்றும்போதே இன்னும் 5 மி.மீ. மிச்சம் இருக்கும். ஆள் டிப்பைக் குறை சொல்வான்.

அந்தப் பையனுக்கு வார்த்தையில் சொல்லவில்லை. நடுவில் பட்டை போட்ட பதினைந்தாம் நம்பர் பந்தைத் துடைத்து, கியூ பால் வைக்கிற இடத்தில் வைத்தேன், பட்டை படுக்கையாக இருக்கும்படி. அந்தப் பட்டையின் கீழ் விளிம்பு ஏறக்குறைய வழுக்கும் எல்லையில்தான் இருக்கும். டிப்பில் நன்றாகச் சாக் போடச் சொல்லி, "இருக்கிற ஸ்க்ரூ எல்லாம் போட்டு அடி" என்றேன். அடித்தான். பந்தை எடுத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். கடுகளவு நீலப் புள்ளி, பட்டைக்கு நட்டநடுவிலிருந்து ஒரு நெல்மணி அகலம் கீழே. பட்டையின் விளிம்பு எங்கேயோ இருந்தது. புள்ளியை விரலால் தடவிப் பார்த்தான். "நான் அடியிலதானுங்ணா அடிச்சேன்" என்றான். மறுபடி அடிக்கச் சொன்னேன். இந்தத் தடவை புள்ளி இன்னும் மேலே.

கடைக்காரர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. இந்த நம்பிக்கைக்கு வேர் ஒன்று உண்டு. கியூவின் முனை வெறும் மரமாக இருந்த காலத்தில் ஸ்பின் போடுவது பெரும்பாடு. தோல் டிப்பைக் கொண்டுவந்தவர் என்று பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரியைச் சொல்வார்கள். 1800-களின் தொடக்கத்தில், சிறையில் இருந்தபோது யோசித்தாராம். மரத்துக்கும் தோலுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அதையே நீட்டி, மெத்தான தோல் என்றால் இன்னும் நல்லது என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

டப்பாவில் இருக்கும் எழுத்தையும் அப்படியே நம்பாதீர்கள். எஸ், எம், எச் என்று போட்டிருப்பது அந்தந்தக் கம்பெனியின் கணக்கு. ஒருவருடைய மீடியம் இன்னொருவருக்கு ஹார்டு. போதாததற்கு, அடிக்க அடிக்கத் தோல் இறுகும். இன்று சாஃப்டாக ஒட்டிய எல்க் மாஸ்டர் கம்பெனி டிப் கொஞ்ச நாளில் வேறு டிப் மாதிரி பேசும்.

அப்படியானால் எதை வாங்குவது? முதல் வருஷம் முழுக்க ஒரே ஒரு மீடியம் டிப். அடுக்கு டிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ட்ரையாங்கிள் மாதிரி ஒற்றைத் தோல் டிப் விலையும் குறைவு, கொஞ்சம் கெட்டி, சீக்கிரம் பிதுங்காது. சாஃப்ட், ஹார்டு எல்லாம் கைக்கு என்ன சத்தம், என்ன உணர்வு பிடிக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம். உங்கள் கைக்கு எது பிடிக்கும் என்று தெரிய முதலில் கை ஒரே மாதிரி அடிக்க வேண்டும்.

அளவு பார்க்காமல் வாங்குவது

டிப் ஃபெரூலைவிடப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கவே கூடாது.

13 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 14 வாங்கி, ஒட்டியபின் பக்கத்தைச் செதுக்குவதுதான் முறை. நம் ஊரில் இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. இங்கே பார்லர்களில் ஸ்னூக்கர் மேசைதான் ராஜா. அதன் விதிகளே ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டவை என்பதால் அந்தப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். ஸ்னூக்கர் கியூவின் முனை 9.5 மி.மீ. கிட்ட இருக்கும். ஸ்னூக்கர் ஆடுகிற நண்பன் இலவசமாகத் தருகிறான் என்று 10 மி.மீ. டிப்பைப் பூல் கியூவில் ஒட்டி எடுத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் ஃபெரூலின் வெள்ளை விளிம்பு, நடுவில் பொட்டு மாதிரி தோல்.

வளைவை மறப்பது

டப்பாவிலிருந்து வரும் வளைவோடு ஆடத் தொடங்குவதும் தவறு, ஊசி மாதிரி கூர்மையாக்குவதும் தவறு. அமெரிக்காவில் நிக்கல், டைம் என்ற இரண்டு காசுகளின் விளிம்பை அளவாகச் சொல்வார்கள்: ஒன்று 21.21 மி.மீ. விட்டம், மற்றது 17.91. புதிய ஒரு ரூபாய்க் காசு 20 மி.மீ.; இரண்டுக்கும் நடுவில் வருகிறது. டிப்பின் பக்கத்தில் காசைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். வளைவு ஒத்துப்போனால் போதும். தட்டையாக இருந்தால், மேலே சொன்ன 12-க்கு 9 என்ற கணக்கு இன்னும் மோசமாகும்.

ஓடுகிற பசையை ஊற்றுவது

தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூ தோலுக்குள் ஊறி அடிப்பாகத்தைக் கல்லாக்கிவிடும். அறுநூறு ரூபாய் சாஃப்ட் டிப் ஐந்தே நிமிஷத்தில் ஹார்டு. ஜெல் வகையை ஒரு துளி வையுங்கள். அதற்கு முன் ஃபெரூலின் முகத்தில் பழைய பசை துளியும் இல்லாமல் சமமாக்குங்கள். ஃபெரூலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டுப் பக்கத்தைச் செதுக்கினால் கட்டை தேயாது. ஐந்து ரூபாய் டேப். இது தெரியாமல் நான் ஒரு ஷாஃப்ட்டை இழந்தேன்.

பிரேக் கியூவின் ஃபீனாலிக் டிப்பை ஆடும் கியூவிலும் போடுவது

வேண்டாம். ஃபீனாலிக் என்பது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கான கெட்டியான பிளாஸ்டிக்; சாக் அதில் நிற்காது.

போட்டிக்கு முந்தின நாள் மாற்றுவது

என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தேயாத டிப்பைத் தூக்கிப் போடுவது

டிப்பின் பக்கச் சுவர் ஒரு காசின் கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். அடுக்கு பிரிந்தாலும், ஓரம் பிய்ந்தாலும் மாற்றுங்கள். முகம் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிச் சாக் பிடிக்காமல் போனால் அது தேய்மானம் இல்லை. ஊசிமுனையால் லேசாகக் குத்தியோ சொரசொரப்பான தாளில் இரண்டு திருப்பு திருப்பியோ விட்டால் மறுபடி பிடிக்கும்.

பையனின் டிப்பில் இன்னும் 5 மி.மீ.க்கு மேல் தோல் இருந்தது. முகத்தை மட்டும் சொரசொரப்பாக்கி, பிதுங்கிய ஓரத்தைச் சீவி, எச்சில் தொட்ட விரலால் ஈரமாக்கிப் பழைய தோல் துண்டால் தேய்த்துக் கொடுத்தேன். முப்பது ரூபாய். பதினைந்தாம் நம்பர் பந்தையும் கையில் கொடுத்து, ஆள் இல்லாத கடைசி மேசைக்குப் போகச் சொன்னேன். பார்லர் மூடும்போது பந்தைத் திருப்பித் தந்தான். பட்டையெல்லாம் நீலப் புள்ளி; இரண்டு மூன்று மட்டும் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தன.