புரோசசரைக் கொஞ்சம் தூங்க விடுங்கள்

உவர்மலையில் கரண்ட் போன ஒரு மாலை, சும்மா திறந்து வைத்திருந்த என் பழைய லப்டொப் மடியைச் சுட்டது. உங்களுக்கும் அப்படியா? லினக்ஸ் என்றால் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று காட்டும் பவர்டாப் என்ற கருவியை நிறுவி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓட்டுங்கள். விநாடிக்கு எத்தனை தரம் புரோசசர் எழுப்பப்படுகிறது என்று முதல் திரையிலேயே தெரியும். டேப் விசையைத் தட்டினால் சி-நிலைகள், அதாவது புரோசசரின் தூக்க நிலைகள், வரும்: சி1 கோழித்தூக்கம், சி6 ஆழ்ந்த உறக்கம். குறித்த இடைவெளியில் துடிக்கும் டைமர் ஓயாமல் தட்டியெழுப்பினால் புரோசசர் சி6 பக்கமே போகாது.

2007இல் வந்த 2.6.21 கெர்னலிலிருந்தே (லினக்ஸின் மையப் பகுதி), வேலையில்லாத நேரத்தில் வழமையான டைமர் துடிப்பை நிறுத்த வழி உண்டு. ஆகவே குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு மென்பொருள்தான். எனக்குப் பிடிபட்டது, அசையும் விளம்பரத்தோடு மறந்துபோய்த் திறந்து கிடந்த ஒரு பிரவுசர் பக்கம். மூடினேன், சி6 வீதம் ஏறியது. பவர்டாப்பின் தானியங்கிச் சரிசெய்தலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். யூஎஸ்பி மவுஸும் சேர்ந்து தூங்கிவிடும்.